கவனம் என்னும் கைம்முதல்



வாணிகம் செய்ய விரும்புகிறவனுக்கு முதல் வேண்டும். உழுகிறவனுக்கு நிலம் வேண்டும். கற்கிறவனுக்கு வேண்டிய முதல் எது? புத்தகம் என்பீர்கள், நல்லாசிரியர் என்பீர்கள், கட்டணம் செலுத்தப் பணம் என்றும் சிலர் சொல்லக்கூடும். இவை யாவும் வேண்டியவையே. ஆயினும் இவை அனைத்தும் கைவரப் பெற்றும் கல்லாதவர் உண்டு. இவற்றுள் பலவும் இல்லாமலே கற்றுத் தேர்ந்தவரும் உண்டு. இவ்விருவரையும் பெரும்பாலும் வேறுபடுத்துவது கவனம் என்னும் ஒன்றே. மாளிகையில் பிறந்தவனுக்கும் குடிசையில் பிறந்தவளுக்கும் இயற்கை வேற்றுமை பாராது கொடுத்த கைம்முதல் அது. அந்த முதலைக் கைப்பேசியும் அதன் வழியே வரும் சமூக ஊடகங்களும் எவ்வாறு செலவழித்துவிடுகின்றன, அதை எவ்வாறு காத்துக்கொள்ளலாம் என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

'படித்துக்கொண்டே நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் விடை எழுதினால் என்ன குறைந்துவிடும்? என் மனம் இரண்டையும் ஒருங்கே கவனிக்க வல்லது' என்று கூறும் மாணவர் பலர். அவர்கள் பக்கம் பேசுவதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று இருப்பதுபோலத் தோன்றும். அவதானம் என்ற சொல்லுக்குக் கவனம் என்பதுதான் பொருள். எட்டுச் செயல்களை ஒருங்கே கவனிப்பவர் அட்டாவதானி. நூறு செயல்களைக் கவனிப்பவர் சதாவதானி. நாகர்கோவிலைச் சார்ந்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திக் காட்டினார். அவதான அரங்கில் ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச் சொல்வார். ஒருவர் கணக்குக் கேட்பார். ஒருவர் இடையிடையே மணி அடிப்பார். மற்றொருவர் முதுகின்மேல் சிறு கற்களை எறிந்துகொண்டிருப்பார். அவதானி அனைவர்க்கும் விடை சொல்வதோடு, மணி எத்தனை முறை அடித்தது, கல் எத்தனை விழுந்தது என்பதையும் பிசகாமல் கூறுவார்.

இதைக் கேட்டவுடன், 'அவருக்கு இயன்றது எனக்கும் ஓரளவு இயலாதா?' என்று தோன்றுவது இயல்பே. ஆனால் இரண்டு செய்திகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதலாவது, அவதானம் நெடுநாட் பயிற்சியால் வரும் அரிய கலை. அரியது என்பதனால்தான் அதைக் காண அவை கூடிற்று. இரண்டாவது செய்தி இதனினும் முக்கியமானது. அவதானி அரங்கில் ஏறிப் புதிதாக எதையும் கற்பதில்லை. முன்பே கற்றுக் கரைகண்ட யாப்பையும் இலக்கியத்தையும் கணக்கையும் அங்கே எடுத்துச் செலவிடுகிறார். செலவிடுவது வேறு, ஈட்டுவது வேறு. ஈட்டுவதற்கு ஒன்றிலே தோய்ந்த மனம் வேண்டும். மாணவப் பருவமோ ஈட்டும் பருவம்.

மனம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது நிகழ்வது என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி பிதாகரஸ் தேற்றத்தின் நிறுவலைப் படிக்கிறாள் என்று கொள்வோம். செங்கோண உச்சியிலிருந்து கர்ணத்துக்குச் செங்குத்து வரைந்தாயிற்று. எந்த முக்கோணம் எந்த முக்கோணத்தோடு வடிவொத்தது, எந்தப் பக்கத்துக்கு எந்தப் பக்கம் ஒத்த பக்கம், இன்னும் கூட்ட வேண்டியது எது என்னும் செய்திகளை அவள் மனத்திலே ஒருசேர ஏந்திக்கொண்டிருக்கிறாள். இவ்வாறு ஏந்தும் இடம் மனத்தில் மிகச் சிறியது. குவித்த கைகளில் தண்ணீர் ஏந்துவது போன்றது. அந்த நேரத்தில் கைப்பேசி 'கிணிங்' என்கிறது. எடுத்துப் பார்க்கிறாள். இரண்டு வரிச் செய்தி. அரை நிமிட வேலை. ஆனால் கை விரிந்தது, நீர் சிந்தியது. மீண்டும் முக்கோணத்தின் பெயரிலிருந்தே அவள் தொடங்க வேண்டியிருக்கிறது. இழந்தது அரை நிமிடம் அன்று. அதுவரை கட்டிய கட்டடம்.

இஃது உவமை மட்டும் அன்று. சோஃபி லெராய் என்ற ஆராய்ச்சியாளர் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, முடியாத ஒரு வேலையை விட்டு மற்றொன்றுக்குச் செல்வோரின் கவனத்தில் ஒரு பகுதி முதல் வேலையிலேயே தங்கிவிடுகிறது என்றும், அதனால் இரண்டாவது வேலை தரம் குறைகிறது என்றும் காட்டிற்று. அதை அவர் கவனத்தின் எச்சம் என்று பெயரிட்டு வழங்கினார். 2015-இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் வேறொன்றைக் கண்டனர். கூர்ந்து செய்யவேண்டிய ஒரு வேலையில் மாணவர்களை அமர்த்தி, இடையே அவர்களுடைய கைப்பேசிக்கு அழைப்பும் செய்தியும் வரச் செய்தார்கள். மாணவர்கள் அதை எடுக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. வந்தது என்று உணர்ந்ததோடு சரி. அப்படியிருந்தும் அவர்கள் செய்த பிழைகள் மிகுந்தன. 'நான் எடுத்துப் பார்ப்பதில்லையே' என்று ஆறுதல் கொள்வோர் இதனை நினைவில் வைக்க வேண்டும். யார் அனுப்பினார், என்ன எழுதினார் என்று மனம் வினவத் தொடங்கியபோதே பாடம் பாதி விலகிவிடுகிறது.

இனி, கைப்பேசி ஏன் இத்துணை வலிமையோடு நம்மை அழைக்கிறது? பெற்றோர் பலர் இதனை மாணவரின் சோம்பல் என்பர். மாணவர் தம்மையே நொந்து, 'எனக்கு மன உறுதி இல்லை' என்பர். இரண்டும் முழு உண்மை அல்ல.

ஹெர்பர்ட் சைமன் என்ற அறிஞர், பிற்காலத்தில் பொருளியலுக்கு நோபல் பரிசு பெற்றவர், 1971-ஆம் ஆண்டிலேயே ஒரு கருத்தைத் தெரிவித்தார். செய்தி பெருகப் பெருக, அது உண்ணும் பொருள் அருகும். செய்தி உண்ணும் பொருள் கேட்பவரின் கவனமே என்பது அவர் கருத்து. இன்று அந்த அருகிய பொருளுக்கு ஒரு சந்தை ஏற்பட்டிருக்கிறது. முகநூலுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் நாம் காசு கொடுப்பதில்லை. அவற்றை நடத்தும் நிறுவனத்துக்கு வருமானத்தின் மிகப் பெரும் பகுதி விளம்பரதாரரிடமிருந்து வருகிறது. நாம் எத்தனை நேரம் திரையைப் பார்க்கிறோமோ அத்தனை விளம்பரம் காட்டலாம். ஆகவே நம்மைத் திரையின்முன் நிறுத்திவைப்பதே அங்கே தொழில்; அதற்கென்றே தேர்ந்த பொறியாளர் பலர் உழைக்கின்றனர். அவர்கள் நம் பகைவர் அல்லர். ஆனால் நம் தேர்வைப் பற்றிக் கவலைகொள்ளவேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை.

அவர்கள் கையாளும் வழிகளுள் இரண்டை மட்டும் அறிந்துகொள்வோம். ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்னும் உளவியலார் இருவர் 1957-இல் வெளியிட்ட பெருநூலில் புறாக்களைக் கொண்டு செய்த சோதனைகளைத் தொகுத்தனர். ஒரு பொத்தானைக் குறிப்பிட்ட எண்ணிக்கை கொத்தினால்தான் தானியம் விழும் என்றிருந்தால், புறா தானியம் பெற்றபின் சற்று ஓய்ந்துவிட்டுப் பிறகு கொத்தும். ஆனால் எத்தனையாவது கொத்துக்குத் தானியம் விழும் என்று தெரியாதபடி அமைத்துவிட்டால், அது ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். தானியம் அடியோடு நின்ற பின்னும் நெடுநேரம் விடாது. நாம் கைப்பேசியைத் திறக்கும்போது நிகழ்வதும் இதுவே. ஒருமுறை ஒன்றும் இல்லை, மறுமுறையும் இல்லை, மூன்றாம் முறை நண்பனின் பாராட்டு. எப்போது வரும் என்று தெரியாமையே நம்மைத் திரும்பத் திரும்பத் திறக்கச் செய்கிறது. 2009-இல் முகநூலில் விருப்பக்குறி புகுத்தப்பட்ட பிறகு, இவ்வாறு விழும் தானியம் இன்னும் மிகுந்தது.

மற்றொரு வழி, முடிவை நீக்குவது. புத்தகத்துக்கு அதிகார முடிவு உண்டு. செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. வாரச் சந்தைகூடப் பொழுது சாய்ந்தால் கலையும். முடிவு வரும் இடத்தில் மனம் ஒரு கணம் நின்று, 'இனி எழுந்து போகலாமா?' என்று கேட்கும். 2006-ஆம் ஆண்டில் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், பக்கம் முடியாமல் கீழே கீழே தானாக வளர்ந்துகொண்டே போகும் ஒரு முறையை அமைத்தார். அவரே பிற்காலத்தில் அதனால் விளைந்ததைக் குறித்து வருந்திப் பேசியிருக்கிறார். இன்று குறுங்காணொளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதும் அவ்வகையினதே. கரையில்லாத ஆற்றில் எந்தத் துறையில் ஏறுவது?

அப்படியானால் கைப்பேசியை எறிந்துவிடலாம் அல்லவா என்று கேட்கலாம். அவ்வறிவுரை சொல்வதற்கு எளிது, நடைமுறைக்கு ஒவ்வாது. 2020 மார்ச்சில் கொள்ளை நோய் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, பல வீடுகளில் கரும்பலகையாக இருந்தது ஒரு கைப்பேசிதான். தந்தை வேலைக்குக் கொண்டுபோன கைப்பேசி மாலையில் வீடு திரும்பும்வரை பாடத்துக்காகக் காத்திருந்த பிள்ளைகள் பலர். இன்றும் வகுப்புக் குறிப்புகளும் தேர்வு அறிவிப்புகளும் அதன் வழியே வருகின்றன. தனிப்பயிற்சிக்குப் பணமில்லாத மாணவன் யூடியூபில் நல்லாசிரியரின் விளக்கத்தைக் கேட்டுத் தெளிகிறான். நூலகமும் சந்தையும் ஒரே வாயில் வழியாகத் திறக்கின்றன என்பதே இன்றைய மாணவரின் இடர்ப்பாடு. நூலகத்துக்குப் போகிறேன் என்று நுழைந்தவர் சந்தையிலே நின்றுவிடுகின்றனர். 2024-ஆம் ஆண்டுக் கல்வி நிலை அறிக்கைக்காக இந்தியக் கிராமங்களில் 14 முதல் 16 வயது வரையுள்ளோரிடம் கேட்டபோது, முந்திய ஒரு வாரத்தில் கைப்பேசியைக் கல்விக்குப் பயன்படுத்தியவர் ஏறத்தாழ 57 விழுக்காட்டினர்; சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர் ஏறத்தாழ 76 விழுக்காட்டினர் என்று தெரிந்தது.

ஆகவே வாயிலை அடைப்பது அன்று, நேரத்தையும் இடத்தையும் வகுத்துக்கொள்வதே நமக்கு ஏற்ற வழி. இதற்கு மன உறுதியைவிட முன்னேற்பாடே பெருந்துணை என்பதற்கு ஒரு சான்று கூறுகிறேன். வால்டர் மிஷெல், எப்பெசன் என்னும் இருவர் 1970-இல் வெளியிட்ட சோதனையில், சிறு குழந்தைகளிடம் தின்பண்டத்தைக் காட்டி, சற்றுப் பொறுத்திருந்தால் நீ மிகவும் விரும்பும் பண்டமே கிடைக்கும் என்று சொல்லி விட்டுச் சென்றனர். பண்டம் கண்முன் இருந்தபோது குழந்தைகளால் நெடுநேரம் பொறுக்க இயலவில்லை. அதைக் கண்ணுக்கு மறைத்து வைத்தபோது அத்தகைய குழந்தைகளே மிகக் கூடுதலான நேரம் காத்திருந்தனர். குழந்தைகளின் உறுதி மாறவில்லை. பண்டம் இருந்த இடம் மாறிற்று.

இதே உண்மையைக் கைப்பேசியிலும் சோதித்துள்ளனர். 2017-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் மாணவர்களை மூன்று பிரிவாகப் பிரித்து, சிலரது கைப்பேசியை மேசைமேலும், சிலரது கைப்பேசியைப் பையிலும், சிலரது கைப்பேசியை வேறோர் அறையிலும் வைக்கச் செய்து, நினைவாற்றலையும் சிந்தனையையும் அளக்கும் தேர்வு நடத்தினர். எல்லாக் கைப்பேசிகளும் ஒலியடக்கப்பட்டிருந்தன. வேறு அறையில் வைத்தவர்களே மேசைமேல் வைத்தவர்களினும் நன்றாகச் செய்தனர். பின்னர்ப் பிறர் செய்த சோதனைகள் எல்லாம் இதே அளவு வேறுபாட்டைக் காட்டவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எனினும் எட்டாத இடத்தில் வைப்பதனால் இழப்பு ஒன்றும் இல்லை, ஊதியம் இருக்கக்கூடும்.

எனவே முதல் ஏற்பாடு தொலைவு. படிக்க உட்காருமுன் கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். அல்லது அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். ஒரே அறையுள்ள வீடாயின், அதை அணைத்துப் பைக்குள் போட்டுப் பரண்மேல் வைக்கலாம். எழுந்து, ஏறி, எடுத்து, உயிர்ப்பிக்க ஆகும் அந்த ஒரு நிமிடத்துக்குள் ஆசை தணிந்துவிடுவதைக் காண்பீர்கள். கூடவே தேவையில்லாத அறிவிப்பு ஒலிகளை நிலையாக நிறுத்திவிடுங்கள். 'ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை நான் படிப்பேன். பிறகு விடை எழுதுகிறேன்' என்று நண்பர்களிடம் ஒருமுறை சொல்லிவைத்தால் போதும். நல்ல நண்பர் அதனால் சினங்கொள்ளார். அவர்களும் அவ்வாறே செய்யத் தொடங்கக்கூடும்.

இரண்டாவது ஏற்பாடு கால அளவு. பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் 1980-களின் இறுதியில், தக்காளி வடிவமுள்ள சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு முறையை வகுத்தார். 25 நிமிடம் ஒரே வேலை. 5 நிமிடம் ஓய்வு. 25 என்ற எண்ணில் மந்திரம் ஒன்றும் இல்லை. உங்களுக்கு 40 ஒத்துவருமாயின் அப்படியே ஆகுக. முடிவு கண்ணுக்குத் தெரிகிறது என்பதே இதன் நன்மை. கரை தெரிந்தால் நீந்துவது எளிது. நேரம் பார்க்கச் சாதாரண மேசைக் கடிகாரத்தையே வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் நேரம் பார்க்கப் போனவர் நேரத்தை மட்டும் பார்த்துத் திரும்புவது அரிது. ஓய்வு நிமிடங்களில் எழுந்து நடவுங்கள், தண்ணீர் அருந்துங்கள், வெளியே பாருங்கள். அப்பொழுது திரையைத் திறந்தால், முன் சொன்ன எச்சம் அடுத்த பாடத்திலும் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, பாடமே கைப்பேசியில் இருக்கும்போது செய்யவேண்டியது. திறப்பதற்கு முன்பே, எதைத் தேடுகிறேன் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வேண்டிய பாடத்தைப் பதிவிறக்கிக்கொண்டபின் இணையத் தொடர்பை நிறுத்திவிட்டுப் படியுங்கள். இயன்றவரை குறிப்புகளை நோட்டுப் புத்தகத்தில் எடுத்துக்கொண்டு, திரையை மூடிவிட்டு நோட்டிலிருந்து படியுங்கள். கடைத்தெருவுக்குப் போகும்போது அம்மா எழுதிக் கொடுக்கும் சீட்டைப் போன்றது அந்தத் தாள். சீட்டில் உள்ளதை வாங்கிவிட்டால் வீடு திரும்பவேண்டியதுதானே? படிப்பின் நடுவே, 'அவளிடம் அதைக் கேட்கவேண்டுமே' என்று ஏதேனும் தோன்றினால், அதையும் அத்தாளிலேயே குறித்து வையுங்கள். எழுதிவைத்தபின் அது மனத்தை அரிப்பதில்லை.

நான்காவது, படிக்கும் முறை. பார்வை வரிகளின்மேல் ஊர்ந்துகொண்டிருக்க, மனம் வேறெங்கோ திரிவதை நீங்கள் அறிவீர்கள். மனத்துக்கு வேலை கொடுக்காமல் கண்ணுக்கு மட்டும் வேலை கொடுப்பதால் வரும் கேடு அது. ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் 2006-இல் வெளியிட்ட சோதனையில், மாணவர் சிலர் ஓர் உரைப்பகுதியை இருமுறை படித்தனர். வேறு சிலர் ஒருமுறை படித்துப் பிறகு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினர். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை படித்தவரே சிறிது மேம்பட்டிருந்தனர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, அவர்கள் நினைவில் 42 விழுக்காடே எஞ்சியிருந்தது. எழுதிப் பார்த்தவர் நினைவில் 56 விழுக்காடு இருந்தது. ஆகவே ஒரு பகுதியைப் படித்ததும் புத்தகத்தை மூடி, என்ன படித்தேன் என்று எழுதிப் பாருங்கள். கையும் மனமும் வேலையில் இருக்கும்போது கைப்பேசியின் நினைவு தானே குறையும்.

இவற்றோடு, சமூக ஊடகத்துக்கும் ஒரு நேரம் ஒதுக்குங்கள். நண்பர்களோடு அளவளாவுதல் குற்றம் அன்று; இளமைக்கு அது வேண்டியதே. இரவு உணவுக்கு முன் அரை மணி நேரம் என்று வகுத்துக்கொண்டால், அந்நேரம் வரும் என்ற உறுதியால் மற்ற நேரத்தில் மனம் அடங்கும். ஆனால் படுக்கைக்குக் கைப்பேசியைக் கொண்டுபோகவேண்டா. பகலில் படித்தது நினைவில் ஊன்றுவதற்கு உறக்கம் இன்றியமையாதது. உறக்கத்தைக் குறைத்தவன் அன்று படித்ததையும் குறைத்துக்கொள்கிறான்.

பெற்றோருக்கும் ஒரு சொல். தம் கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டே மகனிடம் 'அதைக் கீழே வை' என்றால், அவன் கேட்பது சொல்லையன்று, பார்ப்பது கையையே. பிள்ளைகள் படிக்கும் நேரத்தில் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் ஒரே இடத்தில் ஓய்வு கொள்வது நல்ல வழக்கம். ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் 2024 நவம்பரில், 16 வயது நிரம்பாதோர் சமூக ஊடகக் கணக்கு வைத்துக்கொள்வதைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றிற்று. அரசுகள் செய்யவேண்டியவை இவ்வாறு சில இருக்கலாம். ஆனால் எந்தச் சட்டமும் உங்கள் மேசையை ஒழுங்குபடுத்தித் தராது.

இதிலே உங்களுக்குள்ள ஆக்கமும் இழப்பும் எவ்வளவு என்பதை எண்ணிப் பாருங்கள். செல்வர் வீட்டுப் பிள்ளை ஓராண்டை வீணாக்கினால், தனி ஆசிரியரை அமர்த்தி ஈடுசெய்யப் பார்ப்பர். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் மாணவிக்கு அவ்வாறு ஈடுசெய்ய யாருமில்லை. மாலையில் வீட்டு வேலை முடிந்தபின் அவளுக்குக் கிடைக்கும் இரண்டு மணி நேரமே அவளுடைய சொத்து. அந்த இரண்டு மணி நேரம் யாரோ ஒருவரின் விளம்பரக் கணக்கில் வரவாகிவிடுமானால், அவள் இழப்பது ஒரு மாலைப்பொழுதை மட்டும் அன்று.

இறுதியாக ஒரு சிறு சோதனையை உங்களிடம் ஒப்படைக்கிறேன். இன்றிரவே கைப்பேசியை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, 25 நிமிடம் ஒரு பாடத்தைப் படியுங்கள். அருகில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, கைப்பேசியின் நினைவு வரும்போதெல்லாம் ஒரு கோடு இடுங்கள். முதல் நாளில் கோடுகள் பல இருக்கும். அதற்காக நாண வேண்டா. தேதி இட்டு அத்தாளைப் பத்திரப்படுத்துங்கள். நாள்தோறும் அவ்வாறே செய்து, ஏழாம் நாள் தாளையும் முதல் நாள் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் இதுவரை சொன்னவை உண்மையா அல்லவா என்பதை உங்கள் கையால் இட்ட கோடுகளே உங்களுக்குச் சொல்லும்.